விருந்தாளியை ஏன் ஒப்படைக்கவில்லை? பஷ்தூன்வாலியும் போரும் சமாதானப் பேச்சும்

மலைப்பாதை எழுதியது:

வணக்கம் நண்பர்களே. ஆப்கானிஸ்தான் பற்றிப் பேச்சு வந்தாலே யாராவது ஒருவர் இதைச் சொல்லிவிடுகிறார்: "தாலிபான் தலைவர் முல்லா உமர் ஒசாமா பின் லாடனை அமெரிக்காவிடம் ஒப்படைக்காததற்கு பஷ்தூன் விருந்தோம்பல்தான் காரணம். வீட்டுக்கு வந்தவனைக் காட்டிக்கொடுக்க மாட்டார்கள்." போன வாரம் இன்னோர் இழையிலும் இதே வரி வந்தது. பாதி உண்மையை முழு உண்மையாகச் சொல்வதுபோல் எனக்கு உறுத்துகிறது. அதனால்தான் தனி இழை.

தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம். பஷ்தூன்வாலி என்பது ஆப்கானிஸ்தானிலும் பாகிஸ்தானிலும் வாழும் பஷ்தூன்களின் வாழ்க்கை நெறி, எழுதி வைத்த சட்டம் இல்லை. பஷ்தோ என்ற சொல்லே அவர்களுக்கு மொழியையும் குறிக்கும், நடத்தையையும் குறிக்கும். பஷ்தோ பேசுவது ஒன்று, பஷ்தோ செய்வது வேறு. மெல்மஸ்தியா என்றால் வந்தவரை உபசரிப்பது. நனவாத்தை என்றால் 'உள்ளே வருதல்': பகைவனே வாசலேறி வந்து அடைக்கலமோ மன்னிப்போ கேட்டால் தட்டக் கூடாது. பதல் என்பதைப் 'பழிவாங்கல்' என்று மட்டும் எழுதுகிறார்கள். வாங்கியதைத் திருப்பிக் கொடுப்பது என்பதுதான் அதன் பொருள், நல்லதானாலும் கெட்டதானாலும்.

இப்போது ஒசாமா. அவர் சூடானிலிருந்து ஜலாலாபாத்தில் வந்து இறங்கியது 1996 மே மாதம். அப்போது அந்த ஊர் தாலிபான் கையில் இல்லை, உள்ளூர் முஜாஹிதீன் தளபதிகள்தான் வரவேற்றார்கள். செப்டம்பரில் தாலிபான் ஊரைப் பிடித்தபோது விருந்தாளியும் சேர்ந்து வந்தார். 1998இல் சவூதி உளவுத் தலைவர் இளவரசர் துர்கி இரண்டு முறை காந்தஹாருக்கு வந்து முல்லா உமரிடம் கேட்டுப் பார்த்தார். நடக்கவில்லை. 2001 செப்டம்பர் 11க்குப் பிறகு காபூலில் நூற்றுக்கணக்கான உலமாக்கள், அதாவது மார்க்க அறிஞர்கள், கூடி, ஒசாமா தானாகவே நாட்டை விட்டுப் போகும்படி கேட்டுக்கொள்ளலாம் என்று பரிந்துரைத்தார்கள். அதையும் உமர் நடைமுறைக்குக் கொண்டுவரவில்லை.

அந்த உலமாக்களும் பெரும்பாலும் பஷ்தூன்கள்தானே? அதே நெறியில் ஊறியவர்களுக்கு ஒரு வழி தெரிந்திருக்கிறது. அப்படியானால் உமரைத் தடுத்தது நெறியா, வேறு ஏதாவதா?


நூலகவாசி எழுதியது:

நல்ல கேள்வி. வேறு ஏதாவது என்பதுதான் என் பக்கம்.

பஷ்தூன் ஊரில் முல்லாவுக்கு என்ன இடம் என்று பாருங்கள். ஜிர்கா என்கிற ஊர்ப் பஞ்சாயத்தில் பேசித் தீர்மானிப்பது மஷர்கள், அதாவது குடிப் பெரியவர்கள். முல்லா வந்து துஆ ஓதுவார், சத்தியம் வாங்குவார், இரு தரப்புக்கும் நடுவே போய் வருவார். குலம் இல்லாத நடுநிலை ஆள் என்பதுதான் அவருக்குப் பலம். தாலிபான் இந்த வரிசையைத் தலைகீழாக்கியது. 1996 ஏப்ரலில் காந்தஹாரில் உமரை 'அமீருல் முஃமினீன்' (நம்பிக்கையாளர்களின் தலைவர்) என்று அறிவித்த கூட்டம் உலமாக்கள் கூட்டம். பெரியவர்களைக் கூட்டிய ஜிர்கா இல்லை.

அப்படிப்பட்டவர் ஒசாமா விஷயத்தில் சொன்ன காரணங்களில் விருந்தாளி என்பது ஒன்று மட்டும்தான். ஆதாரம் காட்டுங்கள் என்றார், இஸ்லாமிய நீதிமன்றம் விசாரிக்கட்டும் என்றார், ஒரு முஸ்லிமை முஸ்லிம் அல்லாதவர் கையில் கொடுக்க முடியாது என்றார். மூன்றுமே மார்க்கத்தின் பேரில் சொன்னவை.

இன்னொன்றும் இருக்கிறது. விருந்தாளிக்கும் கடமை உண்டு. வீட்டுக்காரனுக்குக் கேடு வரும் வேலையை அவன் கூரைக்குக் கீழே உட்கார்ந்து செய்யக் கூடாது. 1998 ஆகஸ்டில் கென்யாவிலும் தான்சானியாவிலும் தூதரகங்கள் வெடித்தபோதே அந்தக் கடமை முறிந்துவிட்டது. பதிலுக்கு அமெரிக்கா கோஸ்ட் பக்கம் க்ரூஸ் ஏவுகணை வீசியது. அடி விழுந்த மண் யாருடையது?


பாலைக்காற்று எழுதியது:

நான் படித்தவன் இல்லை, பார்த்தவன். ஷார்ஜா இண்டஸ்ட்ரியல் ஏரியாவில் பதினோரு வருஷம் இருந்தேன். எங்கள் கேம்ப்பில் பாதிப் பேர் டிரெய்லர் ஓட்டும் பட்டான்கள், பஷ்தூன்களை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். பன்னு, வஜீரிஸ்தான், கொஞ்சம் பேர் கோஹாட்.

ஒரு சம்பவம் சொல்கிறேன். சித்தப்பன் பெரியப்பன் பிள்ளைகள் இருவர். சேர்ந்து பணம் போட்டு ஊரில் லாரி வாங்கியிருந்தார்கள். கணக்கில் தகராறு வந்து, இளையவன் இரும்புக் கம்பியால் அடித்ததில் மூத்தவனுக்கு முன்கை முறிந்தது. அவர்கள் மொழியில் அப்பாவின் சகோதரர் மகனுக்குத் 'தர்பூர்' என்று பெயர். அதே சொல்லுக்குப் போட்டிக்காரன் என்றும் பொருளாம். நமக்குப் பங்காளி என்றால் என்ன தொனி வருமோ அதேதான். அப்பன் வழிச் சொத்து எங்கே பிரிகிறதோ அங்கேதான் பகையும் முளைக்கும்.

கம்பெனிக்காரர்கள் போலீசைக் கூப்பிடப் போனார்கள். பட்டான்கள் விடவில்லை. மூன்று நாள் அந்த அறையில் பேச்சே இல்லை. மூத்தவன் ஆட்கள் கட்டிலை ஒரு பக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டார்கள். நான்காம் நாள் வெள்ளிக்கிழமை, தொழுகை முடிந்த பிறகு, அஜ்மானில் டீக்கடை வைத்திருந்த ஒரு பெரியவரை முன்னால் விட்டு இளையவனின் ஆட்கள் ஏழெட்டுப் பேர் வந்தார்கள். பிக்கப்பில் ஓர் ஆடு. அறைக்குள் வரவில்லை, வாசலில் செருப்பு ரேக்குக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்கள். இளையவன் தலை நிமிரவே இல்லை. நல்ல ஜூலை வெயில். அரை மணி நேரம் இருக்கும். உள்ளேயிருந்து மூத்தவனின் மாமா வந்து அந்தப் பெரியவரின் கையைப் பிடித்து எழுப்பினார். அவ்வளவுதான். உடனே கெட்டில் அடுப்பில் ஏறியது, பச்சைத் தேநீர் வந்தது.

ஆஸ்பத்திரிச் செலவு, லாரிக் கணக்கு எல்லாம் அப்புறம்தான் பேசினார்கள், அதுவும் இரண்டு மணி நேரம் கத்திக் கத்தி. ஆனால் யார் யார் வாசலுக்குப் போனார்கள் என்பது தீர்ந்த பிறகு மற்றதெல்லாம் வெறும் கணக்கு. இதைத்தான் நான் அங்கே கற்றுக்கொண்டேன்.


மலைப்பாதை எழுதியது:

பாலைக்காற்று அண்ணா, இந்த ஒரு சம்பவத்துக்காகவே இழை தொடங்கியது வீண்போகவில்லை. 'யார் வாசலுக்கு யார் போனார்கள்' என்று நீங்கள் சொன்னதும் எனக்கு ஷகாய் நினைவுக்கு வந்தது.

2004 வசந்தத்தில் பாகிஸ்தான் ராணுவம் தெற்கு வஜீரிஸ்தானில் நுழைந்து அடி வாங்கியது. எதிரே நின்றவர் நேக் முஹம்மத் வஜீர் என்ற இளைஞர், முப்பது வயதுகூட ஆகவில்லை. ஏப்ரல் 24ஆம் தேதி ஷகாயில் உடன்பாடு. பெஷாவர் படைத் தளபதி லெப்டினன்ட் ஜெனரல் சஃப்தர் ஹுசைன் நேரில் போனார். மாலை போட்டார்கள், கட்டித் தழுவினார்கள், போட்டோ எடுத்தார்கள். சண்டைக்காரர்கள் சரணடைந்துவிட்டார்கள் என்று இஸ்லாமாபாத் சொன்னது.

நேக் முஹம்மத் நிருபர்களிடம் என்ன சொன்னார் தெரியுமா? நான் அவர்களிடம் போகவில்லை, அவர்கள்தான் என் இடத்துக்கு வந்தார்கள், யார் யாரிடம் சரணடைந்தது என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்ற பொருளில் சொன்னார். பஷ்தூன் கண்ணுக்கு அதற்கு மேல் விளக்கமே தேவையில்லை. ஒப்பந்தத் தாளில் என்ன எழுதியிருந்தாலும், நனவாத்தை எந்தத் திசையில் நடந்தது என்பதை மாலை போட்ட இடமே காட்டிவிட்டது. ஒப்பந்தம் சில வாரங்களில் முறிந்தது. ஜூனில் ட்ரோன் தாக்குதலில் அவர் கொல்லப்பட்டார், பாகிஸ்தானுக்குள் அமெரிக்கா நடத்தியதாக அறியப்படும் முதல் ட்ரோன் தாக்குதல் அது. ஆனால் அந்த மாலையால் ஏறிய மதிப்பு அவரோடு போகவில்லை, அவருக்குப் பின்னால் வந்த எல்லாப் போராளித் தலைவர்களுக்கும் போய்ச் சேர்ந்தது.

ராணுவத்துக்கு இது தெரியாது என்று நான் நம்பவில்லை. அந்தப் படையில் பஷ்தூன் அதிகாரிகள் எத்தனையோ பேர். சண்டையை நிறுத்தும் அவசரத்தில் இடத்தை விட்டுக்கொடுத்துவிட்டார்கள்.


தேன்மொழி எழுதியது:

வாசல், ஆடு என்றதும் நான் கார்தேஸ் சம்பவத்தைச் சொல்லியாக வேண்டும். அதை முதலில் படித்தபோது இரண்டு நாள் மனசு சரியாகவே இல்லை.

2010 பிப்ரவரி 12, பக்தியா மாகாணம், கார்தேஸ் அருகே கத்தாபா என்ற சிற்றூர். குழந்தை பிறந்ததற்காக ஒரு வீட்டில் பாட்டும் கூத்துமாக விருந்து. இரவில் அமெரிக்கச் சிறப்புப் படை வீட்டைச் சூழ்ந்தது. ஐந்து பேர் செத்தார்கள். ஒருவர் அரசாங்கப் போலீஸ் அதிகாரி, இன்னொருவர் அரசு வழக்கறிஞர். மூன்று பேர் பெண்கள், அதில் இருவர் கர்ப்பிணிகள். அந்தப் பெண்கள் முன்பே கட்டிப்போட்டுக் கொல்லப்பட்டிருந்தார்கள் என்றுதான் நேட்டோ முதலில் அறிவித்தது. பெண்களைக் கொன்றது போதாதென்று பழியையும் அந்தக் குடும்பத்தின் மீதே போட்டார்கள். நாமூஸ் என்பது வீட்டுப் பெண்களின் மானம். அந்த ஊரில் இதைவிடப் பெரிய அவமானம் வேறில்லை.

உண்மை வெளியான பிறகு, ஏப்ரலில், சிறப்புப் படைத் தலைவர் வைஸ் அட்மிரல் வில்லியம் மெக்ரேவன் அந்த வீட்டுக்கே போனார். ஆப்கன் அதிகாரிகள் கூட வந்தார்கள். ஆடுகளைக் கொண்டுபோய் வாசலில் அறுக்கத் தயாராக நிறுத்தினார்கள். முறைப்படி நனவாத்தை. வீட்டுப் பெரியவர் ஆட்டை அறுக்க விடவில்லை, ஆனால் வந்தவர்களை உள்ளே அழைத்து உட்காரவைத்தார். மெக்ரேவன் மன்னிப்புக் கேட்டார். நானும் பிள்ளை பெற்றவன், உங்களுக்காக என் மனம் வருந்துகிறது என்றார். பணமும் கொடுத்தார்கள்.

வாசலேறி வந்தவரைத் துரத்தாமல் உள்ளே விட்ட அந்தப் பெரியவரின் பஷ்தோவைப் பாருங்கள். மகன்களையும் வீட்டுப் பெண்களையும் இழந்த மனிதர். ஆனால் அந்தக் குடும்பம் விடாமல் கேட்டது ஒன்றுதான்: பொய்த் துப்புக் கொடுத்தது யார்? அந்தப் பெயரை யாரும் சொல்லவில்லை. ஆட்டைக் கொண்டுவந்தவர்கள் நியாயத்தைக் கொண்டுவரவில்லை. நனவாத்தையில் ஆடு அடையாளம்தான். அதன் பின்னால் தப்பு செய்தவன் தலைகுனிந்து நிற்க வேண்டும், பாலைக்காற்று அண்ணன் சொன்ன அந்த இளையவன் மாதிரி. இங்கே சுட்டவர்கள் யாரும் வரவில்லை.


கல்வெட்டு எழுதியது:

வெளியார் வாசலேறிப் போவது 2010இல் தொடங்கியது இல்லை, தோழி. 1923ஐப் பாருங்கள்.

கோஹாட்டில் போலீஸ் துப்பாக்கிகள் திருடு போயின. அஜப் கான் அஃப்ரீதியின் ஊரைப் படை சோதனை போட்டது. சோதனையில் பெண்களைத் தொட்டார்கள் என்ற பேச்சு பரவியது. உன் வீட்டுப் பெண்கள் மீது கை பட்டிருக்கிறது, நீ உட்கார்ந்திருக்கிறாய் என்று தாயே அவரை ஏசினாள் என்று பஷ்தூன்கள் சொல்கிறார்கள். இந்த ஏச்சுக்கு 'பேகோர்' என்று பெயர். துப்பாக்கியைவிட பேகோருக்குத்தான் அங்கே பயம். ஏப்ரல் மாதம் ஓர் இரவில் அஜப் கானின் ஆட்கள் கோஹாட் கண்டோன்மென்டுக்குள் நுழைந்து, மேஜர் எல்லிஸின் மனைவியைக் கொன்று, மகள் மாலியை அஃப்ரீதிகளின் மலைப்பகுதியான தீராவுக்குத் தூக்கிப் போனார்கள். பதினேழு வயதுப் பெண்.

படை அனுப்பினால் பெண் உயிரோடு வரமாட்டாள். தலைமை ஆணையர் ஜான் மாஃபி வேறு வழியில் போனார். பெஷாவர் மிஷன் ஆஸ்பத்திரி நர்ஸ் லிலியன் ஸ்டாரை அனுப்பினார். அந்த அம்மாளின் கணவரையே சில ஆண்டுகளுக்கு முன் எல்லைப்புறத்தார் குத்திக் கொன்றிருந்தார்கள். கூடவே பஷ்தூன் அதிகாரிகளும், அஃப்ரீதி நடுவர்களும். மாலி இருந்தது ஒரு முல்லாவின் பாதுகாப்பில். முல்லாவின் கூரைக்குக் கீழே வந்துவிட்ட பெண்ணை அஜப் கானாலும் தன் இஷ்டத்துக்கு எடுத்துப் போக முடியவில்லை. பேச்சு முடிந்து, அதே மாதம் மாலி வீடு திரும்பினாள்.

எந்த நெறி அவளைக் கடத்த வைத்ததோ அதே நெறிதான் காப்பாற்றவும் செய்தது. ஆனால் அவள் தாயைக் கொன்றதை எந்த நெறியிலும் என்னால் சேர்க்க முடியவில்லை. பெண்ணைக் கொல்வது பஷ்தூன்வாலிக்குள்ளும் குற்றம்தான்.


கார்முகில் எழுதியது:

எல்லோரும் நெறியைப் புகழ்வதுபோல் இருக்கிறது. 1841 டிசம்பர் 23இல் காபூலில் பேச்சுவார்த்தைக்கு வந்த ஆங்கிலேயத் தூதர் மெக்நாட்டனை ஆப்கன் தலைவர் அக்பர் கான் அங்கேயே கொன்றாரே? வந்தவரைக் காக்கும் நெறி அப்போது எங்கே போயிற்று?


கல்வெட்டு எழுதியது:

மறைக்க ஒன்றும் இல்லை. பேச வந்தவரைக் கொன்றது தவறு, அது கறைதான். ஆனால் நடந்ததை முழுதாகச் சொல்ல வேண்டும். மெக்நாட்டன் ஒரு பக்கம் தலைவர்கள் எல்லோரோடும் வெளியேறும் ஒப்பந்தம் போட்டுவிட்டு, மறுபக்கம் அவர்களை ஏமாற்ற அக்பர் கானோடு ரகசியப் பேரம் பேசினார். அந்தப் பேரமே அக்பர் கான் வைத்த சோதனை. மெக்நாட்டன் அந்தத் தாளில் கையெழுத்திட்டதுமே, மற்ற தலைவர்கள் முன்னால் அவருடைய வார்த்தைக்கு மதிப்பு போய்விட்டது.

அடுத்த மாதம் காபூலிலிருந்து கிளம்பிய ஆங்கிலேயப் படையும் கூட வந்தவர்களுமாகச் சுமார் 16,000 பேர் கணவாய்களில் அழிந்ததும் தெரிந்ததே. அதே அக்பர் கான் தன்னிடம் பிணையாக வந்த ஆங்கிலப் பெண்களையும் குழந்தைகளையும் செப்டம்பர் வரை கௌரவமாக வைத்திருந்தார். ஒரே மனிதர்தான். கையில் ஒப்படைக்கப்பட்டவர்களுக்கு ஒரு நியாயம், போர்க்களத்துக்கு வேறு நியாயம்.


தேன்மொழி எழுதியது:

கார்முகில் கேட்டதை நான் இன்னும் தள்ளிக்கொண்டு போகிறேன். பெண்ணைக் கொல்வது நெறிக்குள்ளும் குற்றம் என்றார் கல்வெட்டு ஐயா. சரி, பெண்ணைக் கொடுப்பது?

இரண்டு குடும்பங்களுக்குள் கொலைப் பகை. ஜிர்கா உட்காருகிறது. கொன்றவன் வீட்டுச் சிறுமியைச் செத்தவன் வீட்டுக்குக் கல்யாணம் பண்ணிக் கொடுத்தால் பகை தீரும் என்று முடிவு. பாகிஸ்தான் பக்கம் இதை ஸ்வாரா என்பார்கள், ஆப்கானிஸ்தானில் பாத். அந்தக் கூட்டத்தில் ஒரு பெண்கூட உட்கார்ந்திருக்க மாட்டாள். அந்தக் குழந்தை போகிற வீட்டில் அவள் மருமகள் இல்லை, கொலைகாரனின் தங்கை. விசேஷம் கிடையாது, சீர் கிடையாது. அவள் ஆயுள் முழுக்க அந்தக் கொலையைச் சுமக்கிறாள். இதைச் 'சமாதானம்' என்று எழுதுகிற புத்தகங்களை என்னால் மன்னிக்க முடியவில்லை.

பாகிஸ்தான் 2004இல் இதைத் தண்டனைச் சட்டத்தில் குற்றமாக்கி 2011இல் இன்னும் கடுமையாக்கியது. ஆப்கானிஸ்தானில் 2009ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்தது. 2021 டிசம்பரில் தாலிபானே, பெண் உடைமை இல்லை, சமாதானத்துக்காகவோ பகையை முடிக்கவோ அவளை யாருக்கும் கொடுக்கக் கூடாது என்று ஆணை போட்டது. அதே ஆட்சிதான் ஆறாம் வகுப்புக்கு மேல் பெண் பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தை மூடி வைத்திருக்கிறது. நாமூஸ் என்ற ஒரே சொல்லை வைத்து எத்தனை கதவை அடைக்கிறார்கள் பாருங்கள்.

பெண்களின் மானத்துக்காகப் போருக்குப் போகிறவர்கள், பெண்களைக் கொடுத்துப் போரை முடிக்கிறார்கள். இதையும் சேர்த்துப் பேசாமல் பஷ்தூன்வாலியைப் பற்றிப் பேச எனக்கு மனம் வரவில்லை.


பாலைக்காற்று எழுதியது:

தேன்மொழி தங்கச்சி சொன்னது நூற்றுக்கு நூறு. என் ரூமில் இருந்த ஒருவரின் அத்தையை அப்படிக் கொடுத்திருந்தார்கள். அவர் அதைப் பற்றிப் பேசியது ஒரே ஒரு நாள்தான். பேசிவிட்டு வெளியே போய் உட்கார்ந்துகொண்டார்.


நூலகவாசி எழுதியது:

இழையின் முதல் கேள்விக்கு வருகிறேன். ஒசாமாவைவிட முக்கியமான தருணம் அதே 2001 டிசம்பர் என்பது என் எண்ணம்.

டிசம்பர் முதல் வாரம். ஹமீத் கர்சாய் காந்தஹாருக்கு வடக்கே ஷா வாலி கோட்டில் இருக்கிறார். ஜெர்மனியில் நடந்த பான் மாநாடு அவரை ஆப்கானிஸ்தானின் இடைக்காலத் தலைவராக அறிவித்துவிட்டது. தாலிபான் தலைவர்கள் காந்தஹாரை ஒப்படைக்க இசைகிறார்கள். பொதுமன்னிப்பு உண்டு என்று கர்சாய் நிருபர்களிடமே சொன்னார். அவர் போபல்ஜாய் குடித் தலைவர் வீட்டுப் பிள்ளை. தோற்றவன் வாசலுக்கு வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று அவருக்குப் பிறந்ததிலிருந்தே தெரியும். வந்தவன் வீட்டுக்குப் போய் இருக்கட்டும், ஆயுதத்தைக் கீழே வைக்கட்டும், கணக்கு தீர்ந்தது.

அமெரிக்கா ஒப்புக்கொள்ளவில்லை. உமர் காந்தஹாரில் கண்ணியத்தோடு வாழலாம் என்ற ஏற்பாடு தங்கள் நிலைப்பாட்டோடு பொருந்தாது என்று அமெரிக்கப் பாதுகாப்பு அமைச்சர் ரம்ஸ்ஃபெல்ட் வெளிப்படையாகவே சொல்லிவிட்டார். சண்டை அந்தச் சொல் மீதே நின்றது, கண்ணியம்.

அப்புறம் என்ன ஆயிற்று? தாலிபானின் பாகிஸ்தான் தூதர் முல்லா ஜயீஃபை 2002 ஜனவரியில் பாகிஸ்தான் பிடித்து அமெரிக்காவிடம் கொடுத்தது. தூதர்! 2005 வரை குவாண்டனாமோவில் இருந்தார். வெளியுறவு அமைச்சர் முத்தவக்கில் 2002 பிப்ரவரியில் தானாகவே வந்து சரணடைந்தார், அவரையும் சிறையில் போட்டார்கள். இதைப் பார்த்த கிராமத்து தாலிபான்காரன் என்ன முடிவுக்கு வருவான்? வாசலேறிப் போனாலும் பிடித்துக்கொள்கிறார்கள் என்றால் மலைக்கும் எல்லைக்கும் அப்பால் போவது ஒன்றுதான் வழி. 2020 பிப்ரவரி 29இல் தோஹாவில் அமெரிக்காவோடு கையெழுத்துப் போட உட்கார்ந்தபோது, 2001இல் தோற்றவர்களாக வந்தவர்கள் சம நாற்காலியில் இருந்தார்கள். நடுவில் பதினெட்டு ஆண்டுகள், எத்தனை ஆயிரம் பிணங்கள்.

மன்னிப்புக் கொடுத்திருந்தால் எல்லாம் சரியாகியிருக்கும் என்று சொல்ல மாட்டேன். தாலிபான் ஆட்சியில் ஷியா சிறுபான்மையினரான ஹஸாராக்கள் பட்டதற்கு யார் பதில் சொல்வது என்ற கேள்வி இருக்கிறது. ஆனால் திறந்த கதவை மூடியது யார் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.


குறிஞ்சிமலர் எழுதியது:

எல்லை காந்தியை யாரும் தொடவில்லையே என்று காத்திருந்தேன்.

கான் அப்துல் கஃபார் கான் 1929இல் குதாயி கித்மத்கார் (இறைத் தொண்டர்கள்) இயக்கத்தைத் தொடங்கினார். சேருகிறவர்கள் எடுத்த உறுதிமொழியிலேயே வன்முறை செய்ய மாட்டேன், பழிவாங்க மாட்டேன், குடிப்பகைகளில் சேர மாட்டேன் என்று இருந்தது. பதல் இல்லாத பஷ்தூனா என்று கேட்பவர்களுக்கு, அடி வாங்கியும் அசையாமல் நிற்பதைவிடப் பெரிய வீரம் எது என்று திருப்பிக் கேட்டார். நங் என்கிற அதே மானத்தைத்தான் அவர் எடுத்தாண்டார், வேறு எதையும் வெளியிலிருந்து கொண்டுவரவில்லை. 1930 ஏப்ரல் 23, பெஷாவர் கிஸ்ஸா கவானி பஜார். ஆங்கிலேயப் படை சுடச் சுட மக்கள் நின்றார்கள். கர்வால் படைப்பிரிவின் ஒரு பகுதி சுட மறுத்தது. உயிரைக் கொடுத்தார்கள், எடுக்கவில்லை.

1988 ஜனவரியில் அவர் பெஷாவரில் காலமானார், ஜலாலாபாத்தில் அடக்கம். சோவியத் போர் நடந்துகொண்டிருந்தபோதே, உடல் எல்லை கடந்து போவதற்காகச் சண்டையை நிறுத்தினார்கள். அங்கேயும் குண்டு வெடித்து ஆட்கள் இறந்தது வேறு கொடுமை.

பஷ்தூன் என்றால் பழிவாங்குபவன் என்று எழுதுகிறவர்கள் இந்த லட்சம் பேரை எந்தக் கணக்கில் வைக்கிறார்கள்?


கல்வெட்டு எழுதியது:

குறிஞ்சிமலர் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். நெறியைப் பழங்குடிக் குணம் என்று பேசுபவர்கள் அரசுகள் அதை என்ன பாடு படுத்தின என்பதை விட்டுவிடுகிறார்கள். 1901இல் ஆங்கிலேயர் எல்லைப்புறக் குற்ற ஒழுங்குமுறைச் சட்டம் போட்டார்கள். ஜிர்கா என்ற பெயரை வைத்துக்கொண்டு உறுப்பினர்களை அரசு அதிகாரியான அரசியல் முகவரே (பொலிட்டிகல் ஏஜென்ட்) பொறுக்கி எடுத்தார். ஒருவன் தப்புக்கு ஊரையே தண்டிக்கலாம். 'வக்கீல் இல்லை, வாதம் இல்லை, அப்பீல் இல்லை' என்று அங்கே சொல்வார்கள். பாகிஸ்தான் 2018இல் பழங்குடிப் பகுதிகளை மாகாணத்தோடு இணைக்கும் வரை அந்தச் சட்டம் இருந்தது.

அப்புறம் 2004க்குப் பிறகு போராளிகள் மலிக்குகளை, அதாவது குடித் தலைவர்களை, ஒவ்வொருவராகச் சுட்டார்கள். 2008 மார்ச் 2இல் தர்ரா ஆதம் கேலில் ஜிர்கா நடந்த இடத்தில் தற்கொலைக் குண்டு, நாற்பது பேர் போல் செத்தார்கள். 2011 மார்ச் 17இல் வடக்கு வஜீரிஸ்தான் தத்தா கேலில் குரோமைட் சுரங்கத் தகராறைத் தீர்க்கப் பெரியவர்கள் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். கூட்டம் நடக்கப்போவதை ராணுவ முகாமுக்கு முன்கூட்டியே சொல்லியிருந்ததாகப் பிழைத்தவர்கள் சொன்னார்கள். அமெரிக்க ட்ரோன் அந்த வட்டத்தின் மீதே ஏவுகணை வீசியது. நாற்பதுக்கு மேல் சாவு. பாகிஸ்தான் ராணுவத் தளபதி கயானி வெளிப்படையாகக் கண்டித்தார்.

பேசித் தீர்க்கிறவர்களைப் போராளிகளும் அமெரிக்காவும் கொன்றுவிட்டு, இந்த ஜனங்களுக்குப் பேச்சு புரியாது என்றால் எப்படி?


மலைப்பாதை எழுதியது:

இப்போது நடப்பதும் அதே முடிச்சு. 2021க்குப் பிறகு பாகிஸ்தான் தாலிபான்கள் ஆப்கன் மண்ணில் இருக்கிறார்கள், பிடித்துக்கொடு என்கிறது இஸ்லாமாபாத். 2022 ஜூனில் எல்லைப்புறப் பெரியவர்கள் ஒரு ஜிர்காவாகக் காபூலுக்குப் போய்ப் பேசினார்கள். சண்டை நிறுத்தம் இருந்தது, நவம்பர் 28இல் முறிந்தது. 2025 அக்டோபரில் இரு நாடுகளின் படைகளே எல்லையில் மோதி, தோஹாவில் போய் நிறுத்த வேண்டியதாயிற்று. 1996இல் ஜலாலாபாத்தில் தொடங்கிய அதே கேள்வி: வந்து தங்கியவனை என்ன செய்வது?

பாலைக்காற்று அண்ணா, உங்கள் பழைய நண்பர்களில் யாரிடமாவது இதைக் கேட்க முடியுமா?


பாலைக்காற்று எழுதியது:

கேட்டேன். பன்னுவில் இருக்கும் பழைய ரூம்மேட்டுக்கு நேற்று ராத்திரி போன் போட்டேன். அரசியல் பேச வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிட்டார், அங்கே நிலைமை அப்படி. அதனால் பொதுவாகக் கேட்டேன்: வீட்டுக்கு வந்தவன் வெளியே போய்த் தப்பு செய்துவிட்டு உன் கூரைக்கே திரும்புகிறான், தேடி வருகிறவர்கள் கொடு என்கிறார்கள். என்ன செய்வாய்?

யோசிக்கவே இல்லை. "கொடுக்க மாட்டேன். வைத்துக்கொள்ளவும் மாட்டேன்" என்றார். பத்ரகா என்று ஒன்று உண்டாம், வழித்துணை. வீட்டு ஆட்கள் துப்பாக்கியோடு கூடப் போய் அவனைத் தங்கள் எல்லை வரை பத்திரமாகக் கொண்டுவிடுவார்கள். எல்லையில் விட்டுவிட்டுத் திரும்பிவிடுவார்கள். அதற்கு அப்பால் அவன் பாடு, தேடுகிறவன் பாடு. போகிற வழியில் அவன் மீது யாராவது கை வைத்தால் அது வீட்டுக்காரன் மீது கை வைத்ததுபோல.

மலைப்பாதை தம்பி, உலமாக்கள் 2001இல் சொன்னதும் கிட்டத்தட்ட இதுதானே?

அப்புறம் ஊர்க் கதைக்கு வந்தார். வாய்க்கால் தண்ணீருக்காக அவருடைய மாமா வீட்டுக்கும் பக்கத்துக் குடும்பத்துக்கும் சண்டை, இரண்டு பேருக்குக் குண்டு பட்டு, பிழைத்துக்கொண்டார்கள். பெரியவர்கள் வந்து 'தீகா' வைத்திருக்கிறார்கள். கல். நிஜமாகவே ஒரு கல்லை வைத்து, இதை மீறி யாரும் சுடக் கூடாது, சுட்டால் இவ்வளவு அபராதம் என்று பேசிவிடுவார்கள். கோதுமை அறுப்பு வரைக்கும் கெடு. மடை பக்கத்தில் அந்தக் கல் இருக்கிறதாம். பிள்ளைகள் மாடு ஓட்டிப் போகும்போதுகூட அதைச் சுற்றித்தான் போகிறார்களாம்.

பெருநாள் முடிந்து பெரியவர்கள் மறுபடி உட்காரப் போகிறார்கள். கல்லை எடுப்பதா, இன்னும் ஓர் அறுப்பு வரைக்கும் விட்டுவைப்பதா என்று அன்றைக்குத்தான் தெரியும் என்றார்.